கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது

எங்கள் ஊரில் முதன்முதலாகக் கொம்பியூட்டரைக் கொன்ற ஆள் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. ஊரில் இருந்ததே ஒரு கொம்பியூட்டர் என்பதால், அந்தப் பெருமைக்கு இன்றுவரை வேறு எவரும் பங்கு கேட்டு வரவில்லை.

ஊர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இலுப்பைக்கடவை வீதியிலிருந்து கடல்பக்கமாக இறங்கும் மணல் பாதையின் முடிவில் நாற்பத்து மூன்று குடும்பங்கள். சண்டை முடிந்து, முகாமிலிருந்து பஸ்களில் ஏற்றிவந்து இறக்கிவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தகரக் கொட்டில். சிற்றாலயத்துக்குப் பாதிச் சுவர். கிணற்றுக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு சைக்கிள். கல்லால் கட்டியதென்று இருந்தது முன்பள்ளி ஒன்றுதான். கரண்டும் முதலில் அதற்குத்தான் வந்தது. அதனால் மாதர் சங்கத்துக்கென்று கிடைத்த பழைய கொம்பியூட்டரும் பிரின்ரரும் அங்கேயே குடியேறின. மத்தியானம் சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் அம்மா போவார். மூடியிருக்கும் பூப்போட்ட படுக்கை விரிப்பை உதறி மடித்து வைப்பார். பிறகு, முழங்கால் நாடியைத் தொட, பிள்ளைகளின் சிவப்புக் கதிரையில் குந்தியிருந்து இரண்டு விரலால் தட்டத் தொடங்குவார்.

அம்மாதான் சங்கத்தின் செயலாளர். அவர் தட்டிக்கொண்டிருந்தது ஒரு பட்டியல். ஓடி ஓடிக் கடைசியில் உயிரைத் தவிர மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் பதுங்குகுழிகளுக்குள் போய்விட்டன. இலுப்பைக்கடவைப் பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை நடமாடும் சேவை வைக்கப்போகிறார்கள், அரசாங்கக் கந்தோர்க்காரர் எல்லோரும் வந்து அந்த இடத்திலேயே பத்திரங்களுக்கு வழி செய்வார்கள் என்று எங்கள் கிராம அலுவலர் விதானையார் சொல்லியிருந்தார். ஆனால் எந்தக் குடும்பத்தில் யார் யார், எங்கே பிறந்தவர்கள், எதைத் தொலைத்தார்கள் என்று ஊர் முழுவதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் இல்லாதவர்கள் அடுத்த சேவைவரை காத்திருக்க வேண்டும். அடுத்தது எப்போது என்று விதானையாருக்கும் தெரியாது.

இரண்டு மாதமாக அம்மா வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வந்து தட்டினார். லேசான வேலை இல்லை. பிறந்த திகதியைக் கேட்டால், "பெரிய புயலுக்கு மறுவருசம், நெத்தலி பட்ட மாசம்" என்று ஒருவர் சொல்வார். அவருடைய மனைவி, "அது இவருக்கில்ல, இவற்ற தமையனுக்கு" என்று திருத்துவார்.

இந்தப் பட்டியல் இருந்த கொம்பியூட்டருக்குள்தான் நான் மீனை விட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி இரவலாகக் கொடுத்த பென்டிரைவில், பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. அம்மா தண்ணீர் அள்ளப் போன நேரம் பார்த்து அதைச் செருகினேன். நல்ல விளையாட்டு, பொய் சொல்லக்கூடாது. அடுத்த நாள், நடமாடும் சேவைக்கு மூன்று நாள் இருக்க, அம்மா கொம்பியூட்டரைப் போட்டபோது அது எழும்பியது, உடனே படுத்தது. மறுபடியும் எழும்பியது, படுத்தது. வலிப்பு வந்த கோழி மாதிரி.

அம்மா கத்தவில்லை. விரிப்பை எடுத்து அதை மூடினார். செத்தவர்களை மூடுவது போலத் தலைப்பக்கம் இழுத்துவிட்டார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியிலோ ஒரு மீன் கூட்டமே இருந்தது.

நல்லவேளை, மாமி இருந்தார். அப்பாவின் கடைசித் தங்கை. சின்ன வயதில் படகில் இராமேஸ்வரத்துக்குப் போனவர், அங்கே ஒரு முகாமில் வளர்ந்து கொம்பியூட்டர் படித்துவிட்டு, ஊர் திறந்ததும் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். வாய் திறந்தால் இரண்டு கரையையும் தொட்டுத் தொட்டுப் பேசுவார். "படகில ஏறேக்க ஒரு பாசை, இறங்கேக்க இன்னொண்டு. நடுக்கடலில என்ன பேசினவளோ" என்று அப்பா பகிடி பண்ணுவார்.

மாமி ஒரு பிஸ்கற் ரின்னோடு வந்தார். ரின்னுக்குள் சீடிகள். ஒன்றைப் போட்டு, கண்ணாடியை மூக்கில் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "வீடு விழுந்திட்டுது அண்ணி. ஆனா அலுமாரி அப்பிடியே இருக்கு" என்றார். வைரஸ் புகுந்து, கொம்பியூட்டர் எழும்புவதற்கு வேண்டிய பாகத்தைத் தின்றுவிட்டதாம். அம்மா தட்டிய பட்டியல் இருக்கும் பாகத்தை அது தொடவில்லையாம். இந்தியாவில் லினக்ஸ் என்ற ஒன்றில்தான் தான் படித்ததாகவும், அதைப் போட்டுப் புதிதாக ஒரு வீடு கட்டினால் அலுமாரியைத் திறக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு அரை மூச்சு வந்தது.

பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு மன்னாருக்குப் போய் ஒரு கடையில் அச்சடித்தால் என்ன என்று அப்பா கேட்டார். அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. "ஊர்ச்சனத்தின்ர பேரெல்லாம் அதுக்குள்ள கிடக்கு. ஆரெண்டு தெரியாத கடைக்காரனிட்டக் குடுக்கிறதோ?" என்றார். அம்மாவுக்குப் பெயர் கேட்கும் எதையும் பிடிக்காது. முகாமில் வரிசையில் நின்றவர்களிடையே ஒரு சொல் உலாவியது: "பேரைக் கேட்டால் ஊரைச் சொல்லு, ஊரைக் கேட்டால் இருமு." சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் அம்மா சிரிக்கவில்லை, இருமப் பழகியிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் வேலை தொடங்கியது. மாமியும் அம்மாவும் ஆளுக்கொரு சிவப்புக் கதிரையில், நான் பாயில். கொம்பியூட்டர் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது. என்ன மொழி, எந்த நாடு, அங்கே இப்போது என்ன நேரம். மாமி வாசித்து வாசித்துப் பதில் அடித்துக்கொண்டு போனார். அம்மாவின் தோள் இரண்டும் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டு வந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அடுத்த கேள்வி, உங்கள் முழுப்பெயர் என்ன.

அம்மா கையை நீட்டி விசைப்பலகையை மறைத்தார்.

"ஏன் கேக்குது?"

"பாவிக்கிற ஆள் ஆரெண்டு தெரியிறதுக்கு, அண்ணி."

"ஆருக்குத் தெரியிறதுக்கு?"

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். பதிவெல்லாம் முகாமோடு முடிந்தது, இனி ஒன்றிலும் பதியமாட்டேன், எழுதாமல் விடு என்றார் அம்மா. மாமி எதையோ தேடிப் பிடித்து அந்தக் கேள்வியைத் தாண்டினார். தாண்டலாம், ரூட் என்று ஒரு ஆள் எப்படியும் உள்ளே இருப்பார், எல்லா அதிகாரமும் அவருக்கு உண்டு, அவரை வைத்தே சமாளிப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஐந்து மணியளவில் முதல் சீடி முடிந்தது. திரை முழுக்கக் கறுப்பு. மேல் மூலையில் வெள்ளையாக நாலைந்து ஆங்கில எழுத்து, பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு. சேதி கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்ற பெண்கள், போச்சுது, செத்தே போச்சுது என்றார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மாமி மட்டும் சந்தோசமாக ஏதோ அடித்தார். "பட்டியல் இருக்கு, இஞ்ச பாருங்கோ" என்று திறந்தும் காட்டினார்.

நாங்கள் பார்த்தோம். நாற்பத்து மூன்று குடும்பமும் சின்னச் சின்னச் சதுரங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் நின்றன. ஒரு பெயர் இல்லை. ஒரு ஊர் இல்லை. வரிசை வரிசையாகக் கட்டம்.

அம்மா சிவப்புக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். மாமி அவசர அவசரமாக விளங்கப்படுத்தினார். எழுத்து பழுதாகவில்லை. இந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். படத்திரை என்று இன்னொன்று இருக்கிறது, அதை மேலே போட்டால் தமிழும் வரும், பிரின்ரரும் வரும். அது இரண்டாம் மூன்றாம் சீடிகளில் இருக்கிறது. நாளைக்குப் போட்டுவிடலாம்.

நாளைக்கென்றால் வெள்ளி. சனி காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அப்பா கடலுக்குப் போகவில்லை. நீங்கள் போனால் மட்டும் கொம்பியூட்டர் எழும்பாமலா இருக்கும் என்று நான் கேட்டதற்கு, வாயை மூடச் சொன்னார். முன்பள்ளிக்குள் எட்டுப் பெண்கள் வந்து சின்னக் கதிரைகளில் அமர்ந்துவிட்டார்கள். இரண்டாம் சீடி போட்டபோது திரையில் ஒரு நீளக் கோடு தோன்றி, எத்தனை வீதம் முடிந்தது என்று காட்டத் தொடங்கியது. அது அசைகிற மாதிரியே தெரியவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்குச் செபமாலை சொல்வோமே என்று ஒருவர் தொடங்கினார். ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிக்க, கோடு இருபதாம் வீதத்தில் நின்றது. "இன்னும் நாலு செபமாலை கிடக்கு" என்று அவர் கணக்குச் சொன்னார். எவ்வளவு நேரமாகும் என்று மாமியே அவரிடம்தான் பிறகு கேட்டார்.

மூன்றாவது சீடியில் கீறல். உள்ளே போய்க் கரகரவென்று உரசி நின்றுவிட்டது. மாமி அதை எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அப்பாவின் சாரத்துத் தலைப்பால் நடுவிலிருந்து வெளியே வெளியே என்று துடைத்தார். மறுபடி போட்டபோது ஓடியது. எல்லாம் முடிந்து திரை ஒருமுறை வெட்டி இருண்டது. பிறகு ஒரு சின்னப் பெட்டி மட்டும் வழி தெரியாத கட்டுமரம் போல அங்குமிங்கும் மிதந்தது. பழைய திரைக்குத் தாங்காத அளவைக் கேட்டுவிட்டேன் என்று சொல்லி மாமி கறுப்புத் திரைக்குத் திரும்பிப் போனார். எதிலோ இரண்டு எண்களைக் குறைத்துவிட்டு வந்தார்.

நீலம் வந்தது. மன்னாரின் கீரிக் கடல் மத்தியானத்தில் எப்படி இருக்குமோ அப்படி ஒரு நீலம், கரையிலிருந்து கரைவரை. நடுவில் பெயர் கேட்டு ஒரு பெட்டி. பெண்கள் கை தட்டினார்கள்.

மாமி அந்த ரூட்டின் பெயரை அடித்தார். பெட்டி, இல்லை என்று தலையாட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் ஆடி, அவரைத் திருப்பி அனுப்பியது. இன்னொருமுறை அடித்தார். மறுபடியும் தலையாட்டல்.

மாமியின் முகம் போன போக்கைப் பார்த்து அப்பா கிட்ட வந்தார். விசயம் இதுதான். ரூட் எல்லாவற்றையும் ஆக்கவும் அழிக்கவும் கூடியவர். அவ்வளவு அதிகாரம் உள்ளவரைப் படத்திரைக்குள் விட்டால் தெரியாத்தனமாக எதையாவது உடைத்துவிடுவார் என்று, இந்த வாசலில் அவரை மறித்து வைத்திருக்கிறார்கள். இங்கே உள்ளே போக ஒரு சாதாரண ஆள் வேண்டும். அப்படி ஒரு ஆளைத்தான் நேற்று நாங்கள் எழுதவில்லை.

"அப்ப வள்ளம் வச்சிருக்கிற சம்மாட்டிக்கு அதில இடமில்லை. கூலிக்குப் போறவனுக்குத்தான் இடம்" என்றார் அப்பா. "நல்ல முறைதானே இது. எல்லா இடத்திலையும் வைக்கலாம்."

பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சாதாரண ஆளென்றால் யாருடைய பெயரையும் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கலாம், தன் பெயரையே போட்டுவிடுகிறேன் என்றார் மாமி. வேண்டாம், நீ இப்போதுதான் இந்த மண்ணுக்கு வந்தவள், உன்னை ஏன் ஒரு இடத்தில் எழுதுவான் என்றார் அம்மா. அப்பா, என்னுடையதைப் போடு என்றார். அதுவும் வேண்டாம், கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கிற ஆள், பெயர் சுத்தமாக இருக்கட்டும். என்னுடையதை நான் வலியக் கொடுத்தேன், செய்த பாவத்துக்கு ஒரு பரிகாரமாக. அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் பாயோடு பாயாகிவிட்டேன். பெண்களில் ஒருவர், எங்கள் கோவில் அந்தோனியாரின் பெயரைப் போடலாமே, காணாமல் போனதைத் தேடித் தருபவர்தானே என்றார். அம்மா அதையும் சிறிது நேரம் யோசித்துவிட்டு, புனிதரை ஏன் பதிவில் மாட்டுவான் என்று விட்டுவிட்டார்.

இப்படி ஒவ்வொருவரையும் அம்மா கழற்றிக் கழற்றிக் கரைசேர்த்துக்கொண்டிருக்க, நேரம் நாலு மணியைத் தாண்டியது. மாமிக்குப் பொறுமை போய்விட்டது. கத்தரிக்காய் என்று அடித்தாலும் இது திறக்கும், ஒரு பொய்ப் பெயரைப் போட்டுவிட்டுப் போவோம் என்றார்.

"பொய்ப் பேர் வேண்டாம் பிள்ளை" என்றார் அம்மா. சத்தம் கூட்டாமல்தான் சொன்னார். "ஒருக்காக் குடுத்தால், பிறகு போற இடமெல்லாம் அதையே குடுக்கவேணும். இறக்கி வைக்க ஏலாது."

அப்பா எழும்பி யன்னலருகே போய் நின்றார். எதற்காக எல்லோரும் இப்படி ஊமையானார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு இயக்கத்துக்குப் போன ஒரு தம்பி இருந்ததும், முகாமின் பதிவு மேசையில் வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் சொல்லித் தகப்பன் பெயரை மாற்றிக் கொடுத்ததும், கூடப் பிறந்தவர் யாருமில்லை என்று எழுதக் கொடுத்ததும் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கத்தரிக்காய் என்று போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு அமர்ந்தார். மாமி கறுப்புத் திரைக்குப் போய், இப்போது அடியுங்கள் அண்ணி என்று இடத்தைக் காட்டினார். அம்மா இரண்டு விரலால் தன் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தார். ஞானஸ்நானப் பெயர், பிறகு தகப்பன் பெயர், பிறகு அப்பாவின் பெயர். அடுத்து இரகசியச் சொல் வேண்டுமென்றதும், "எல்லாரும் அங்கால திரும்புங்கோ" என்றார். எட்டுப் பெண்களும் அப்பாவும் மாமியும் நானும் சுவரைப் பார்த்துத் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த அ, ஆ, இ, ஈ படங்களைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றோம். ஓணான் படத்துக்குக் கீழே நின்ற அப்பா, "முடிஞ்சுதோ? எனக்கு ஓணான்வரை பாடமாகிட்டுது" என்றார்.

முடிந்தது. மறுபடி நீலம் வந்தது. அம்மா பெயரைக் கொடுத்தார். பெட்டி தலையாட்டவில்லை. விலகி வழிவிட்டது. கீழே ஒரு வரிசைச் சின்னப் படங்கள் வந்து நின்றன. மேல் மூலையில் அம்மாவின் முழுப்பெயர். பெண்களில் ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, ஆர் இந்த மனுசி என்று கேட்டார். ஊருக்கு அம்மா செயலாளர் அக்கா, இல்லாவிட்டால் என்னுடைய அம்மா. "நான்தான்" என்றார் அம்மா, கேட்டும் கேளாமலும்.

மாமி பட்டியலைத் திறந்தார். கட்டங்கள் போன இடம் தெரியவில்லை. பெயர்கள், பெயர்கள், பெயர்கள். பெரிய புயலுக்கு மறுவருசம் பிறந்தவர் தன் இடத்தில் இருந்தார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து திரையில் தங்கள் வீட்டு வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார். மாமி பழைய பாகத்தைத் துப்புரவாக்கப் போனவர், ஒரு இடத்தில் நின்று, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். திரையில் என் மீன் விளையாட்டின் பெயர். "இது ஏதோ காகம் கொண்டுவந்து போட்டிருக்கு" என்று சொல்லி அதை அழித்துவிட்டார். இந்த உலகத்தில் யாருக்காவது நான் கோவில் கட்டுவதாக இருந்தால் மாமிக்குத்தான்.

பட்டியலின் கடைசி வரி காலியாக இருந்தது. அது எங்கள் வீட்டு வரி. ஊருக்கெல்லாம் எழுதியவர் தன் வீட்டுக்கு இலக்கத்தை மட்டும் போட்டுவிட்டு விட்டிருந்தார். அம்மா அதையும் தட்டினார். இந்த முறை ஒரு எழுத்துக்காகவும் விசைப்பலகையில் தேடவில்லை. பிரின்ரர் முக்கி முனகி ஐந்து தாள்களைத் துப்பியது. சூடு ஆறும் முன் அவற்றை எடுத்து, விரிப்பில் சுற்றி, அம்மாவே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரே நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு உத்தியோகத்தர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போய், படிவத்தோடும் ஒரு சிரிப்போடும் திரும்பி வந்தார்கள். கடைசியாக அம்மாவின் முழுப்பெயரைக் கூப்பிட்டார், தகப்பன் பெயரோடு.

அம்மா அவருக்கு மூன்று அடி தூரத்தில்தான் நின்றார். ஆனாலும், "ஓம், நான்தான்" என்று அவர் சொன்ன சத்தத்தில் மண்டபத்துக் கடைசியில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்ற அப்பாவுக்கும் கேட்டதாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் ஒரு சொல்லை இரண்டுதரம் கேட்டால்தான் காதில் விழும்படி பேசுகிற அம்மா, கந்தோர்க்காரருக்கு முன்னால் இப்படியா கத்துவது என்று அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா கவனிக்கவில்லை.

அந்த உத்தியோகத்தருக்குக் காது மந்தமாக்கும் என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.